டிஜே மேடையில் என்னதான் செய்கிறார்? ‘ப்ளே’ பட்டனுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

லேசர் வெளிச்சம், புகை, ஆயிரக்கணக்கில் கூட்டம். நடுவில் ஒருவர் லேப்டாப் முன்னால் நின்று கையைத் தூக்கி ஆடுகிறார். ‘இவர் நிஜமாவே வாசிக்கிறாரா, இல்ல பாட்டைப் போட்டுட்டு சும்மா நிக்கிறாரா?’ எலெக்ட்ரானிக் இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கிப் போகிறவர்களுக்கு ஒருமுறையாவது வரும் சந்தேகம் இது.

2012-ல் துறைக்குள்ளிருந்தே ஒருவர் இதற்கு வாய் திறந்தார். எலித்தலைக் கவசத்தோடு மேடையேறும் கனடா கலைஞர் டெட்மவுஸ், ‘நாங்க எல்லாருமே ப்ளே பட்டனைத்தான் அமுக்குறோம்’ என்கிற அர்த்தத்தில் இணையத்தில் எழுதினார். மேடையில் தான் செய்வதை, அந்த மென்பொருள் ஓரளவு தெரிந்த யாருக்கும் ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார். சக கலைஞர்கள் சிலர் கொதித்துப்போனார்கள். ஆனால், அவர் சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது. பெரிய மேடைகளில் விளக்கும் வீடியோவும் ‘டைம்கோடு’ மூலம் பாட்டோடு நொடி பிசகாமல் கட்டப்பட்டிருக்கும். கலைஞர் உற்சாகத்தில் பாட்டைக் கொஞ்சம் நீட்டினால், திரையில் ஓடும் காட்சி தன் பாட்டுக்கு வேறெங்கோ போய்விடும். காட்சி எவ்வளவு பிரம்மாண்டமோ, வாசிப்பவருக்கு அவ்வளவு கம்மி சுதந்திரம்.

கை ரெண்டுதான்

சரி, எல்லாவற்றையும் நேரடியாகவே வாசிக்கலாமே? ஸ்டுடியோவில் ஒரு பாட்டு டஜன் கணக்கான ஒலி அடுக்குகளாகக் கட்டப்படுகிறது. மேடையில் இருப்பதோ ரெண்டு கை. அதனால் டிரம்ஸ் ஒரு தொகுதி, பேஸ் ஒரு தொகுதி, குரல் ஒரு தொகுதி என்று அடுக்குகளைச் சேர்த்து முன்கூட்டியே பதிந்துகொள்கிறார்கள். இதற்கு ‘ஸ்டெம்’ என்று பெயர். ஸ்டெம் குறைவாக இருந்தால் தப்பு நடக்க வாய்ப்பு குறைவு. ஆனால், மாற்றவும் பெரிதாக எதுவும் இருக்காது. கூடினால் விளையாட இடம் கிடைக்கும், தலைவலியும் கூடவே வரும்.

2001-ல் வெளியான ‘ஏபிள்டன் லைவ்’ மென்பொருள் இந்த விளையாட்டை எளிதாக்கியது. ஒரு துண்டு இசையை எப்போது அழுத்தினாலும், அடுத்த தாளச் சுற்றின் முதல் தட்டில்தான் அது தொடங்கும்படி வைத்துக்கொள்ளலாம். தாளம் தப்பாமல் பார்த்துக்கொள்வது மெஷினின் வேலை. எதை, எப்போது, எவ்வளவு நேரம் என்பது மனிதரின் வேலை.

லேப்டாப் இல்லாமலேயே இதைச் செய்து காட்டியவர்கள் உண்டு. 1994 கிளாஸ்டன்பரி விழாவில் ‘ஆர்பிட்டல்’ சகோதரர்கள் பால், ஃபில் ஹார்ட்னால், டார்ச் விளக்கு பொருத்திய கண்ணாடிகளோடு இருட்டில் நின்றார்கள். அவர்களிடம் இருந்தது அலெசிஸ் எம்எம்டி-8 என்கிற சீக்வென்சர். எட்டு டிராக், டிராக்குக்கு ஒரு பட்டன். மெட்டும் தாளமும் அதற்குள் ஏற்கெனவே பதிந்தவைதான். ஆனால், பேஸ் எப்போது நுழையும், டிரம்ஸ் எப்போது நிற்கும் என்பதை அங்கேயே, கூட்டத்தைப் பார்த்து முடிவுசெய்தார்கள். வாசித்தார்கள் என்பதைவிட, பாட்டை அந்த இடத்திலேயே கட்டினார்கள் எனலாம். பதிவு செய்த பொருளை வைத்துக்கொண்டே நேரடி நிகழ்ச்சி நடத்த முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

டேப் சொதப்பிய இரவு

எதிர்ப்பக்கமும் உண்டு. 1973-ல் ‘தி ஹூ’ ராக் குழு, சிந்தசைசர் பகுதிகளை டேப்பில் ஓடவிட்டு, கூடவே வாசித்தது. டிரம்மர் கீத் மூன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு டேப்பைத் துரத்த வேண்டியிருந்தது. டேப் மனிதருக்காகக் காத்திருக்காதே! அந்த நவம்பரில், இங்கிலாந்தின் நியூகாசிலில் டேப் தாமதமாக வர, கிதார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் மேடையிலேயே சவுண்ட் இன்ஜினியர் மீது பாய்ந்து, டேப்களைப் பிய்த்தெறிந்தார். இன்று டேப் இல்லை. அதற்குப் பதில் பல குழுக்கள் ரெண்டு லேப்டாப்பை ஒரே நேரத்தில் ஓடவிடுகின்றன. ஒன்று நின்றால் இன்னொன்று தொடரும்.

நேரடி வாசிப்புக்கும் தொல்லை உண்டு. பேடைத் தட்டியதற்கும் ஒலி வருவதற்கும் இடையே பத்து மில்லிசெகண்டுக்கு மேல் போனாலே பல கலைஞர்களுக்கு உறுத்தத் தொடங்கும். பாட்டில் எத்தனை எஃபெக்ட்டுகளைக் கணினி அப்போதே கணக்கிடுகிறதோ, அதற்கேற்ப இந்தத் தாமதம் கூடக்கூடும். கனமான பகுதிகளை முன்கூட்டியே பதிவதற்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணம் அல்ல.

இதெல்லாம் கூட்டத்துக்குத் தெரிகிறதா என்பது தனிப் பிரச்சினை. கிதார் கம்பியை இழுத்தால் பார்ப்பவருக்குப் புரியும். மவுஸை நகர்த்தினால்? ஏபிள்டனை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் ஹென்கே, தன் ‘மோனோலேக்’ நிகழ்ச்சிகளுக்காகத் திருகுகளும் பட்டன்களும் நிறைந்த ‘மோனோடெக்’ கருவியைத் தானே வடிவமைத்தார். மென்பொருள் செய்தவரே மவுஸோடு நிற்கவில்லை.

அடுத்த முறை போகும்போது கையைப் பார்க்காமல் காதைக் கொடுத்துப் பாருங்கள். ஆல்பத்தில் எட்டு சுற்றில் முடிந்த பகுதி, கூட்டம் கத்தியதும் பன்னிரண்டு சுற்று ஓடியதென்றால், மேடையில் இருப்பவர் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார்.