சின்னத் தொட்டியில் பவளம்: எந்த லைட் வாங்கலாம்? அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி என்ன?

இருட்டு அறை, மேசை மேல் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி, நீல வெளிச்சத்தில் பச்சையும் ஆரஞ்சுமாக மின்னும் பவளங்கள். ரீல்ஸில் இதைப் பார்த்த பலர் அடுத்து தேடுவது ‘கோரல் லைட்’. சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி, மாதச் சம்பளத்தையே விழுங்கும் விலை வரை லைட்டுகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஆர்டர் பட்டனைத் தட்டும் முன் இரண்டு விஷயம் தெரிந்திருப்பது நல்லது: அந்த லைட் யாருக்கு, அந்தப் பவளம் எது?

லைட் யாருக்கு?

பவளம் ஒரு விலங்கு. ஆனால், அதன் திசுக்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தை வைத்து இவை சமைக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. அதாவது, நாம் வாங்கும் லைட் உண்மையில் அந்தப் பாசிக்கான சாப்பாடு.

சூரிய ஒளி கடலுக்குள் இறங்கும்போது சிவப்பு நிறம் முதல் சில மீட்டரிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். நீலம்தான் ஆழம் வரை போகும். அதனால், பவளத்துக்குள் இருக்கும் பாசி 400 முதல் 500 நானோமீட்டர் வரையிலான நீல ஒளியை நன்றாகப் பயன்படுத்தப் பழகியிருக்கிறது. கோரல் லைட்டுகள் நீலமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் முகத்துவாரம் பவளங்களுக்கு ஏற்ற இடமாக இல்லாததற்கும் வெளிச்சம் ஒரு காரணம். ஆறு கொண்டுவரும் வண்டல் நீரைக் கலக்கி ஒளியை மறைக்கும். நன்னீர் உப்பின் அளவைக் குறைக்கும். இரண்டுமே பவளத்துக்கு ஆகாது. கொஞ்சம் வடக்கே, தூத்துக்குடி வான் தீவில் தொடங்கி ராமேஸ்வரம் பக்கம் வரை நீளும் தீவுகளைச் சுற்றித்தான் அவை வளர்கின்றன.

எந்தப் பவளம்?

சிக்கல் இங்கேதான். பாறையை உருவாக்கும் கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி, யானைக்கு இருக்கும் அதே அட்டவணை. கருப்புப் பவளம், தீப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் இதில் அடக்கம். உயிரோடு இருந்தாலும் சரி, அலங்காரத்துக்கு வைக்கும் காய்ந்த வெள்ளைக் கூடாக இருந்தாலும் சரி, வாங்குவதும் விற்பதும் குற்றம். தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

ஏன் இவ்வளவு கடுமை? சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்ததன் விளைவாக, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் ஏற்கெனவே கடலுக்குள் மூழ்கிவிட்டன.

மென்பவளங்களில் சில வகைகள் அந்த அட்டவணையில் இல்லை. ஆனாலும், மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுத்துவர முடியாது. எனவே, அறிவியல் பெயரும் இறக்குமதி ஆவணமும் பில்லும் காட்டாத கடைக்காரரிடம் வாங்காமல் இருப்பதே பாதுகாப்பு. ‘அதெல்லாம் ஒண்ணும் பிரச்னை வராது சார்’ என்ற வார்த்தை வனத்துறை முன் செல்லாது.

சரி, எப்படி லைட் தேர்வு செய்வது?

முறையான ஆவணத்தோடு மென்பவளம் கிடைத்தால், வாட்ஸும் லூமெனும் பார்த்து வாங்க வேண்டாம். லூமென் என்பது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு பிரகாசம் என்ற கணக்கு. பாசிக்குப் பயன்படும் ஒளியின் அளவு பி.ஏ.ஆர். எனப்படுகிறது. மென்பவளங்களுக்குப் பொதுவாக 50 முதல் 150 வரை போதும். 30, 40 செ.மீ. உயரமுள்ள தொட்டிக்கு, நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள அளவான எல்.இ.டி. லைட்டே போதும்.

அதிக வெளிச்சமும் ஆபத்துதான். புது லைட்டை முதல் நாளே முழு வேகத்தில் வைத்தால், பவளம் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். குறைந்த அளவில் தொடங்கி, சில வாரங்களில் மெதுவாகக் கூட்ட வேண்டும். டைமர் போட்டு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் எரியவிட்டால் போதும்.

நெல்லை வெயில் என்ன செய்யும்?

பவளத் தொட்டிக்கு 24 முதல் 27 டிகிரி வெப்பம் வேண்டும். மே மாதத்து நெல்லையில் மாடி அறையில் இருக்கும் 40 லிட்டர் தண்ணீர் அந்த அளவில் நிற்காது. லைட்டும் தன் பங்குக்குச் சூடேற்றும். மன்னார் வளைகுடாவிலேயே 2010, 2016 கோடைகளில் கடல் சூடாகிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. கடலுக்கே அந்தக் கதி என்றால், தொட்டியின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே, பட்ஜெட் போடும்போது லைட்டோடு சில்லர், கரன்ட் போனால் ஓடும் இன்வெர்ட்டர் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். ஆவியாகும் நீருக்கு ஈடாகக் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. அதில் உள்ள குளோரின் பவளத்தைப் பாதிக்கும். ஆர்.ஓ. நீர்தான் சரி.

இவ்வளவும் கட்டுப்படியாகாது என்றால்?

நன்னீர்ச் செடித் தொட்டி இருக்கிறது. 6,500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி., தினமும் 6 முதல் 8 மணி நேரம், நம் நீர்நிலைகளிலேயே வளரும் வாலிஸ்னேரியா செடி. தொடங்குவதற்கு இவ்வளவு போதும். சில்லர் தேவையில்லை. மீன்களைக் கடையில் வாங்கலாம். ஆற்றில் பிடித்துவர வேண்டாம். தாமிரபரணியின் பெயரையே தாங்கி, இந்த ஆற்றுப் படுகையில் மட்டுமே வாழும் ‘டாக்கின்சியா தம்பிரபர்னியை’ என்ற கெண்டை இன மீனும் அழியும் ஆபத்தில் இருக்கிறது.

ரீல்ஸில் மின்னும் அந்தக் கல் பவளங்களின் வீடு நெல்லையிலிருந்து சுமார் 50 கி.மீ. தூரத்தில், தூத்துக்குடிக் கடலில் இருக்கிறது. அங்கே அவற்றுக்கான லைட் பில்லைச் சூரியனே கட்டிவிடுகிறது.