ஏரி வாரியமும் மாலை வகுப்பும்

மாமல்லபுரத்தில் பொழுது சாய்ந்து, சிற்பக் கூடங்களில் உளியோசை ஓய்ந்து, கடற்கரைக் கோயிலைக் காண வந்த பிரயாணிகள் தங்கள் வாகனங்களை நாடிக் கலைந்து செல்லும் நேரத்தில், அவ்வூரிலும் அதற்கு வடக்கே கோவளம் வரையிலும் கடலோரமாக அமைந்த குப்பங்களில் குழந்தைகளின் பொழுது ஆரம்பமாகிறது. சமூகக் கூடத்தின் தாழ்வாரத்தில் இலவச டியூஷன் நடக்கிறது. மணல்வெளியில் சிலம்பம் சுழல்கிறது. அம்மன் கோயில் வாசலில் திருவிழாவுக்காகச் சிறுமியர் கோலாட்டம் பழகுகிறார்கள். விடியற்காலையில் போனால், தந்தையர் வலை உலர்த்தும் மணலிலேயே பிள்ளைகள் பலகையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு அலைச்சறுக்குப் பயிற்சிக்கு ஓடுவதையும், ஞாயிறன்று மாதா கோயிலின் மறைக்கல்வி வகுப்புக்குப் போவதையும் காணலாம். படகுக் கடனையும் மீன் விலையையும் எண்ணி உறக்கமிழக்கும் தாய்மார்களுக்கு, பிள்ளை இரண்டு மணி நேரம் நல்ல இடத்தில் இருக்கிறான் என்ற நினைவே பெரிய ஆறுதல்.

அது நல்ல இடம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், "சார் தங்கமான மனுஷர்" என்றோ, "அந்த அக்கா நம்ம ஊர்ப் பொண்ணுதானே" என்றோ பதில் வரும். பெரும்பாலும் அந்தப் பதில் உண்மையே. இத்தகைய வகுப்புகளை நடத்துகிறவர்களில் மிகப் பலர், கூலி எதிர்பாராமல், சொந்தப் பொழுதையும் பொருளையும் செலவிட்டு ஊர்ப் பிள்ளைகளை முன்னுக்குக் கொண்டுவரப் பாடுபடும் உத்தமர்கள். அவர்கள்மேல் சந்தேகத்தை விதைப்பது என் உத்தேசம் அன்று. ஆயினும், நற்பெயர் ஒன்றையே காவலாக வைத்துக் குழந்தைகளை ஒப்படைக்கும் வழக்கத்தைப் பற்றி நாட்டின் உச்ச நீதிமன்றமே விசாரிக்க நேர்ந்த வழக்கு இதே கடற்கரையிலிருந்துதான் தொடங்கியது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

2007-ஆம் ஆண்டு வெளிவந்த பத்திரிகைக் கட்டுரை ஒன்று, மாமல்லபுரத்து அநாதை இல்லங்களில் குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாவதாக எடுத்துரைத்தது. அதைப் படித்து மனம் பொறாத ஒருவர் கட்டுரையை இணைத்து உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்; நீதிமன்றம் அக்கடிதத்தையே மனுவாக ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்து என்னும் பொருள்பட்ட தலைப்பில் பதிவான அவ்வழக்கில், ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்குப் பின், 2017 மே 5 அன்று நீதிபதிகள் மதன் லோகூரும் தீபக் குப்தாவும் தீர்ப்பளித்தனர். குழந்தைகள் தங்கும் இல்லங்கள் யாவும் அவ்வாண்டு முடிவுக்குள் பதிவு செய்யப்பட வேண்டும், ஆய்வுக் குழுக்கள் அவற்றை முறையாகச் சென்று பார்க்க வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே பராமரிப்புத் திட்டம் வகுக்க வேண்டும், இயன்றவரை குழந்தையை இல்லத்தில் அடைக்காமல் குடும்பச் சூழலில் வளர்க்க வழி தேட வேண்டும் என்றெல்லாம் அத்தீர்ப்பு பணித்தது. வழக்கு ஆரம்பித்தபோது ஏழு வயதாக இருந்த ஒரு குழந்தை, தீர்ப்பு வந்தபோது பதினேழு வயதை எட்டியிருக்கும். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

இந்நோய் நம் கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. கோவாவின் மட்காவ் நகரில் குருகுலம் என்ற பெயரில் இல்லம் நடத்தி, ஏழைச் சிறுவர்களை ஆதரிப்பவர் என்று ஊர் மதிப்பைப் பெற்றிருந்த ஃபிரெடி பீட்ஸ் என்பவர், 1991-இல் கைதாகி 1996-இல் ஆயுள் தண்டனை பெற்றார். ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை விசாரணை நடத்திய அரச ஆணைக்குழு, தேவாலயங்கள், பள்ளிகள், விளையாட்டுச் சங்கங்கள், விடுதிகள் ஆகியவற்றில் சிறுவயதில் கொடுமைக்குள்ளான எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தனித்தனியே சந்தித்து அவர்கள் சொல்வதைக் கேட்டது. மதமும் மொழியும் நிறமும் வேறுபட்ட இத்தனை இடங்களிலும் ஒரே விதமான வரலாறு மீண்டும் மீண்டும் வருகிறது.

அந்த வரலாற்றைச் சற்றே நிதானமாகக் கவனிக்க வேண்டும். குழந்தைக்குத் தீங்கு செய்பவன் இருளில் பதுங்கியிருக்கும் அந்நியன் என்றே நாம் பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்திருக்கிறோம். ஆனால் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் பதின்மூன்று மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு, கொடுமை செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள், நம்பிக்கைக்குரிய ஸ்தானத்தில் இருந்தவர்கள் என்றும், குழந்தைகளில் பெரும்பாலோர் அதை எவரிடமும் சொல்லவில்லை என்றும் தெரிவித்தது. அப்படிப்பட்டவன் முதலில் குழந்தையை வசப்படுத்துவதில்லை, குடும்பத்தைத்தான் வசப்படுத்துகிறான். பள்ளிக் கட்டணம் கட்டுகிறான், திருநாளுக்குத் துணி வாங்கித் தருகிறான், "உங்க பையனுக்குத் தனித் திறமை இருக்கு" என்று சொல்லிப் பிரத்தியேகப் பயிற்சிக்கு அழைக்கிறான். பிறகு சிறு சிறு இரகசியங்கள் பிறக்கின்றன: அம்மாவிடம் சொல்லாதே என்று கொடுக்கும் சாக்லேட், இரவு பத்து மணிக்குக் கைப்பேசியில் வரும் செய்தி, எல்லோரும் போன பின் வண்டியில் கொண்டுபோய் விடும் சலுகை. இவை ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் அன்பின் செய்கையாகவே தோன்றும் என்பதுதான் இதிலுள்ள பெரிய அபாயம். உண்மை வெளிப்படும் வேளையில் அந்த ஸ்தாபனத்தின் பெரியவர்கள், இத்தனை ஆண்டு கட்டிக்காத்த பெயர் போய்விடுமே என்று அஞ்சி, அவனை மெல்ல வெளியேற்றிவிட்டு, பெற்றோரைச் சமாதானப்படுத்தி, வாய் மூடிக்கொள்கிறார்கள். அவன் அடுத்த ஊரில் அடுத்த வகுப்பைத் தொடங்குகிறான். என்னைக் கேட்டால், முதற்குற்றத்தைக் காட்டிலும் இந்த மௌனத்தையே நான் அதிகமாக அஞ்சுவேன்.

அரசாங்கமே நடத்தும் இல்லமாயினும் இதற்கு விலக்கில்லை. 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டிலுள்ள அரசின் சிறார் இல்லத்தில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அவனைத் தாக்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு ஊழியர்கள் ஆறு பேர் கைதாயினர். அதன்பின் இத்தகைய இல்லங்களின் நிர்வாகத்தை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் தலைமையில் ஒரு நபர் குழுவை மாநில அரசு நியமித்தது.

பொறுப்பை ஏற்க வருபவரை முன்கூட்டியே சோதிப்பது நமக்குப் புதிதோ, பிற நாட்டாரிடம் கடன் வாங்கியதோ அன்று. செங்கல்பட்டுக்கு மேற்கே உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்களைப் போய்ப் பாருங்கள். அவற்றின்படி, ஊர்ச் சபையின் குழுக்களான ஏரி வாரியத்திலும் தோட்ட வாரியத்திலும் அமர வருபவருக்கு வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் இருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. பெரும்பாதகம் செய்தவர், பிறர் பொருளைக் கவர்ந்தவர் கூடாது. அண்மையில் மூன்றாண்டுக்குள் பதவி வகித்தவர் மீண்டும் வரலாகாது. இத்தனையும் சோதித்த பிறகே பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. அந்த ஓலையை எடுத்தது விவரம் அறியாத ஒரு சிறு பாலகன். ஏரித் தண்ணீரை ஒப்படைப்பதற்கு இவ்வளவு கேள்வி கேட்ட மூதாதையரை, ஊராரைச் சந்தேகித்தவர்கள் என்று நாம் சொல்வதில்லை. கரை உடைந்தால் ஊரே அழியும் என்று அறிந்தவர்கள் என்றுதான் சொல்கிறோம்.

இன்றைய சட்டமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டத்தின்கீழ் 2020-இல் வகுக்கப்பட்ட விதிகள், குழந்தைகள் தங்கும் இல்லங்களோடு நின்றுவிடாமல், பள்ளிகள், குழந்தைகள் காப்பகங்கள், விளையாட்டுப் பயிற்சி நிலையங்கள் என, குழந்தைகளோடு இடைவிடாது பழகும் நிறுவனம் எதுவாயினும், அதன் பணியாளர் ஒவ்வொருவரையும் காவல்துறை மூலம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்றும், அவர்களுக்குக் குழந்தைப் பாதுகாப்பில் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும் விதிக்கின்றன. அலைச்சறுக்குப் பள்ளியும் சிலம்பக் கூடமும் தங்களுக்கும் இது உண்டு என்று உணர்வது நன்று. ஆயினும், காவல்துறைச் சான்று முன்பே அகப்பட்டவனை மட்டுமே காட்டும். அகப்படாதவனுக்கும் அது சுத்தமாகவே கிடைக்கும். ஆகையால் சான்றோடு நின்றுவிடாமல், தீங்கு செய்ய இடமே கிடைக்காதவாறு வகுப்பின் அமைப்பையே ஒழுங்குபடுத்த வேண்டும்.

அது பணச் செலவுள்ள காரியமன்று. வகுப்பு நடக்கும் அறையின் கதவும் சன்னலும் திறந்திருக்கட்டும். எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு மட்டும் தனித்திருக்க நேராதபடி எப்போதும் இருவர் இருக்கட்டும். குழந்தைக்கு நேரே செய்தி அனுப்பாமல், பெற்றோரும் உள்ள வாட்ஸ்அப் குழுவில் அனுப்பட்டும். பலகையின்மேல் நிற்கப் பழக்குவதற்கும், கம்பைப் பிடிக்கும் கையைத் திருத்துவதற்கும் ஆசிரியர் பிள்ளையைத் தொடத்தான் வேண்டியிருக்கும். எங்கே, எதற்காகத் தொடுவோம் என்பதை முதல் நாளே பெற்றோர் முன்னிலையில் செய்து காட்டிவிட்டால், மற்றொரு விதமான தொடுதலைப் பிள்ளையே இனங்கண்டுகொள்ளும். வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது பெரியவர்கள் உறங்கும் அறையும் பிள்ளைகள் உறங்கும் அறையும் வேறாக இருக்கட்டும். வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஒரு மாதம் தொண்டு செய்யக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வருகிறவர்களுக்கும், பரிசுப் பொருளோடும் காமிராவோடும் வருகிற நன்கொடையாளர்களுக்கும் இவ்விதிகளில் சலுகை வேண்டாம். நல்ல ஆசிரியருக்கு இதனால் ஓர் இழுக்கும் இல்லை. வீண்பழியிலிருந்து அவரைக் காப்பதும் இந்த ஏற்பாடுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் ஒரு குழந்தை, பாதி வாக்கியத்தில் தயங்கித் தயங்கி, எதையோ சொல்ல வரலாம். அப்போது அதிர்ச்சியைக் காட்டாமல், ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேளாமல், குறுக்கு விசாரணை செய்யாமல், முழுதும் கேட்டுவிட்டு, "நீ சொன்னது நல்லதுடா கண்ணு, உன்மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொல்வது போதும். இரகசியமாக வைத்திருப்பேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. அதைக் காப்பாற்றச் சட்டம் நம்மை விடாது. குற்றம் நடந்தது என்று அறிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரையிலும், தம் கீழுள்ளவரின் குற்றத்தை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரையிலும் சிறைத் தண்டனை உண்டு. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மேல் வழக்கு வராது. உள்ளுக்குள்ளேயே பஞ்சாயத்து வைத்துத் தீர்த்துக்கொள்ளும் அதிகாரம் எந்தச் சங்கத்துக்கும், எந்தக் கோயில் நிர்வாகத்துக்கும், எந்த ஊர்ப் பெரியவருக்கும் இல்லை.

போலீஸ் என்றதும் நடுங்கும் தாய்மாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் உதவி ஆய்வாளரைக் கொண்டே பதிவு செய்ய வேண்டும். அவர் சீருடையில் இருக்கலாகாது. எக்காரணத்தாலும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. அதன் பெயரையும் அடையாளத்தையும் பத்திரிகைகள் வெளியிடலாகாது. காவல் நிலையத்துக்குப் போகத் தயங்குவோர், 1996-இல் மும்பையில் தொடங்கி இன்று நாடு முழுவதும் இயங்கும் 1098 என்ற இலவசக் குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், குழந்தைகளே அழைக்கலாம். அந்த எண்ணைச் சில இடங்களில் நிர்வாகியின் அறைக்குள், நன்கொடையாளர் படங்களுக்கு நடுவே மாட்டியிருப்பதைக் கண்டிருக்கிறேன். அதை வெளியே எடுத்து வந்து, பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிடும் வாசற்சுவரில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கண் உயரத்தில், பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.