நின்ற பந்தும் நடுங்கும் கையும்

உலகத்திலேயே ரொம்ப சாதுவான பந்து கோல்ஃப் பந்துதான். கிரிக்கெட் பந்து மாதிரி மூக்கைக் குறிபார்த்து வராது. கால்பந்து மாதிரி எவன் காலிலிருந்தோ பிடுங்க வேண்டியதில்லை. புல் மேல் சமர்த்தாக உட்கார்ந்து, 'சார், சௌகரியப்பட்டபோது வந்து அடிங்க' என்று காத்திருக்கும். எதிராளி உங்கள் மட்டையைத் தட்டிவிட மாட்டார். நீங்கள் அடிக்கும் நேரத்தில் கூட்டத்தில் ஒருத்தர் இருமினால்கூட நாலு பேர் திரும்பி முறைப்பார்கள். அவ்வளவு மரியாதை!

அப்படியும் பெரிய பெரிய சூரர்களுக்கு அந்தப் பந்தின் முன்னால் கை நடுங்குகிறது. ஏன்?

பி.காம். படித்தவனுக்கு எதையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் தூக்கம் வராது. ஒரு ரவுண்டில் 72 அடி என்று வையுங்கள். ஒரு அடிக்கு இரண்டு விநாடி. மொத்தம் 144 விநாடி. அதாவது, நாலு மணி நேர ஆட்டத்தில் ஆள் நிஜமாக வேலை பார்ப்பது இரண்டரை நிமிஷம்கூட இல்லை! (நமது ஆபீஸ்களை நினைத்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல.) மிச்ச நேரமெல்லாம் நடை. நடக்கும்போது மனசு சும்மா வருமா? 'போன குழியில் சொதப்பினோமே, அடுத்த குழியில் தண்ணீர் இருக்கே, டி.வி.யில் பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருப்பாளே' என்று பஞ்சாயத்துப் பண்ணிக்கொண்டே வரும். ஓடுகிற ஆட்டத்தில் பயப்பட நேரம் இல்லை. கோல்ஃபில் பயப்படுவதற்கென்றே நாலு மணி நேரம் ஒதுக்கிக் கொடுக்கிறார்கள்.

"தின்னவேலிக்கும் கோல்ஃபுக்கும் என்ன ஓய் சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். கோல்ஃப் மைதானத்தைக் கண்ணால் பார்க்க ஆரல்வாய்மொழியைத் தாண்டி திருவனந்தபுரம் கவடியாருக்குப் போகலாம். இல்லாவிட்டால் மலையேறி, 1895-ல் ஆரம்பித்த கொடைக்கானல் கிளப்புக்குப் போகலாம். தாமிரபரணிக் கரையில் நமக்கு வாய்த்தது கேரம், செஸ், கபடி, வெள்ளம் வந்தால் மண்டபத்திலிருந்து ஆற்றில் குதிப்பது. ஆனால் ஆட்டம்தான் வேறு, உள்ளங்கை வேர்வை ஒன்றுதான்.

அந்த வேர்வை என்ன பண்ணும் என்பதற்கு உலகப் பிரசித்தமான உதாரணம் ஆஸ்திரேலியாவின் கிரெக் நார்மன். 1996 ஏப்ரல், அமெரிக்காவின் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் போட்டி. கடைசி நாள் காலையில் அவர் ஆறு அடி முன்னிலை. (கோல்ஃபில் குறைவாக அடித்தவர்தான் ஜெயித்தவர். சிக்கனக்காரர்களின் ஆட்டம்!) சாயங்காலம் பார்த்தால் நார்மன் 78, கூட ஆடிய இங்கிலாந்தின் நிக் ஃபால்டோ 67. ஆறு அடி முன்னால் நின்றவர் ஐந்து அடி வித்தியாசத்தில் தோற்றார். ராத்திரியோடு ராத்திரியாக அவருக்கு ஆட்டம் மறந்துபோய்விட்டதா என்ன?

மறக்கவில்லை. ஞாபகம் வந்துவிட்டது! அதுதான் கோளாறு.

சியான் பைலாக் என்று ஒரு அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியை. (பெயரைப் பார்த்து விக்ரமுக்குச் சொந்தமோ என்று நினைக்காதீர்கள். 2023-ல் டார்ட்மத் கல்லூரியின் தலைவரானவர்.) இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அவரும் சகாக்களும் கோல்ஃப் ஆட்டக்காரர்களைப் பந்தைக் குழிக்குள் உருட்டச் சொல்லிப் பார்த்தார்கள். புதிதாகப் பழகுகிறவர்கள், கை எப்படிப் போகிறது என்று கவனித்து நிதானமாக ஆடியபோது நன்றாக உருட்டினார்கள். கைதேர்ந்தவர்களிடம் அதையே சொன்னால் தடுமாறினார்கள்! அவர்களை யோசிக்கவிடாமல் 'சீக்கிரம், சீக்கிரம்' என்று விரட்டினால் பந்து ஒழுங்காகப் போனது. பழகின வேலையைக் கை தானாகப் பார்க்கும். பயம் வந்ததும் மூளை மேனேஜர் மாதிரி எட்டிப் பார்த்து, 'என்னப்பா பண்றே, மணிக்கட்டை மடக்கு, முழங்கையை நீட்டு' என்று உத்தரவு போட ஆரம்பிக்கும். அதோடு வேலை கெட்டது.

இந்த சூட்சுமத்தைப் பைலாக்குக்கு முன்பே கண்டுபிடித்தவர்கள் பாளையங்கோட்டையில் இருக்கிறார்கள். எங்கள் வட்டாரத்தில் ஒரு அண்ணாச்சி, கேரம் புலி. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் டிபன் டப்பாவைப் பிடித்துக்கொண்டே சிவப்பைப் போட்டு ஃபாலோவும் போடுவார். இறுதிப் போட்டி. எதிராளி சின்னப் பையன். பவ்யமாகக் குனிந்து கேட்டான்:

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய. கட் அடிக்கையில அந்த நடுவிரலை எப்படி மடக்குதிய? கத்துக்கிடலாம்னுதான்..."

அண்ணாச்சிக்குச் சந்தோஷம். மடக்கிக் காட்டினார். நீட்டிக் காட்டினார். அவ்வளவுதான்! அடுத்த அரை மணி நேரம் அவர் காயைப் பார்க்கவில்லை, நடுவிரலையே பார்த்தார். கோப்பை பையன் வீட்டுக்குப் போயிற்று. "விரல் எனக்கு, கேள்வி அவனுக்கு. என்னத்தச் சொல்ல?" என்று இன்னமும் புலம்புகிறார்.

அண்ணாச்சிக்கு ஜெர்மனியின் பெர்ன்ஹார்டு லாங்கர் கதையைச் சொல்லித்தான் சமாதானப்படுத்தினேன். 'யிப்ஸ்' என்று கோல்ஃபில் ஒரு வியாதி. குழிக்குப் பக்கத்திலிருந்து பந்தை உருட்டும்போது மட்டும் கை வெடுக்கென்று வெட்டும். லாங்கருக்கு ஒருமுறை அல்ல, பல தடவை வந்து தொலைத்தது. அவரோ ஒவ்வொரு தடவையும் மட்டையைப் பிடிக்கிற பிடியை மாற்றி, பழைய கையை ஏமாற்றிப் புதுக் கையாக ஆக்கிக்கொண்டார். 1985, 1993 என இரண்டு மாஸ்டர்ஸ் பட்டம். நடுவில், 1991 ரைடர் கோப்பையில், ஐரோப்பிய அணியின் தலையெழுத்தே அவருடைய கடைசி ஆறடி உருட்டலில் தொங்கியது. பந்து குழியை ஒட்டிப் போய்விட்டது. வேறு ஆளாக இருந்தால் ஒரு வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பார். லாங்கர் அடுத்த வாரமே ஜெர்மன் மாஸ்டர்ஸில் ஆடி ஜெயித்தார்! எனக்கு அந்த இரண்டு மாஸ்டர்ஸைவிட இந்த அடுத்த வாரம்தான் பெரிதாகத் தெரிகிறது.

பயத்தை ஜெயித்தால் பரிசு கிடைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். பெங்களூர் அதிதி அசோக்கை மறந்திருக்க மாட்டீர்கள். 2021 ஆகஸ்ட், டோக்கியோ ஒலிம்பிக்ஸ். உலக வரிசையில் 200-வது இடத்திலிருந்த பெண், கடைசி நாள் இரண்டாவது இடத்தில் ஆட்டத்தைத் தொடங்கினார். கோல்ஃபில் 'டீ' என்றால் குடிப்பது என்று நினைத்திருந்தவர்களெல்லாம் விடியற்காலை எழுந்து டி.வி. முன் உட்கார்ந்தோம். ஒரே ஒரு அடியில் நாலாவது இடம். 'நடுங்கிட்டாப்பா' என்று டீக்கடையில் தீர்ப்பு. அநியாயம்! அன்று அவர் அடித்தது 68, நிர்ணயித்த அடிகளுக்கு மூன்று குறைவு. மற்றவர்கள் அவரைவிட நன்றாக ஆடினார்கள், அவ்வளவுதான். நடுங்குகிறவர் 68 அடிக்க மாட்டார்.

அந்த நாலு நாளும் அவருடைய கேடி யார் தெரியுமா? அம்மா மகேஸ்வரி. கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷன் போர்டில் போட்டோ தொங்குகிற ஆசாமி அல்ல. மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிற துணை. பயத்துக்கு முதல் மருந்து இப்படி ஒரு ஆள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆலோசனை சொல்கிற ஆள் அல்ல, சரியான சமயத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்கிற ஆள்.

2025 ஏப்ரல், மறுபடி அகஸ்டா. வட அயர்லாந்தின் ரோரி மெக்கில்ராய். இதே மைதானத்தில் 2011-ல் நாலு அடி முன்னிலையோடு கடைசி நாள் இறங்கி, 80 அடித்துச் சரிந்தவர். நான்கு பெரிய பட்டங்களில் இது ஒன்றுதான் பாக்கி. 2014-க்குப் பிறகு பெரிய பட்டம் எதுவுமே கிடைக்கவில்லை. இந்தத் தடவையும் முன்னிலை, சறுக்கல், தண்ணீருக்குள் பந்து என்று எல்லாம் நடந்து, கடைசிக் குழியில் ஐந்தடி உருட்டலைத் தவறவிட்டார். ஜஸ்டின் ரோஸோடு டை. மறுபடி ஆட வேண்டும். உள்ளே என்ன பாடு பட்டிருக்கும்! அப்போது கேடி ஹாரி டயமண்ட் (சின்ன வயசு சிநேகிதர்) சொன்னதை ரோரியே பிறகு சொன்னார்: திங்கட்கிழமை காலையில் யாராவது நமக்கு இந்த நிலைமையைக் கொடுத்திருந்தால், சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்போம் அல்லவா? ரோரி போய் ஒரே குழியில் முடித்துவிட்டு, தரையில் விழுந்து அழுதார்.

நம் குகேஷுக்கும் இப்படி ஒரு வாக்கியம் கிடைத்தது. 2024 நவம்பர், சிங்கப்பூர், உலகச் சாம்பியன் பட்டத்துக்கான முதல் ஆட்டம். வெள்ளைக் காய்களோடு ஆடி டிங் லிரெனிடம் தோற்றுவிட்டார். பதினெட்டு வயசு. திரும்பும்போது எதிர்ப்பட்ட விஸ்வநாதன் ஆனந்த் சொன்னது: எனக்கு பாக்கி 11 ஆட்டம்தான் இருந்தது, உனக்கு 13 இருக்கிறதே! 2010-ல் டோபலோவுடன் 12 ஆட்டப் போட்டியில் முதல் ஆட்டத்தில் தோற்று, கடைசியில் பட்டத்தைத் தக்கவைத்தவர் ஆனந்த். தைரியம் சொல்லவில்லை, கணக்குச் சொன்னார். (பி.காம். ஆட்களுக்கு எப்பேர்ப்பட்ட பெருமை!) கூடவே பேடி அப்டன் இருந்தார்; 2011-ல் தோனி அணி உலகக் கோப்பை வாங்கியபோது கூட இருந்த அதே மனப்பயிற்சியாளர். ஆட்டம் தொடங்குமுன் குகேஷ் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாரே, நினைவிருக்கிறதா? டிசம்பர் 12, பதினாலாவது ஆட்டத்தில் டிங் தப்பான இடத்தில் யானையை வைத்தார். குகேஷ் முகம் மாறியது உலகத்துக்கே தெரிந்தது. ஆனாலும் சட்டென்று பாயவில்லை. சரிபார்த்துவிட்டே கை வைத்தார். ஜெயித்து, தேம்பி அழுதபடியே காய்களைப் பழையபடி அடுக்கி வைத்தாரே... பழக்கம் என்பது அதுதான்.

'சரி, எங்களுக்கு ஆனந்தும் இல்லை, அப்டனும் இல்லை. என்ன செய்ய?' மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். படபடப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் கோல்ஃப், வில்வித்தை, துப்பாக்கி சுடும் போட்டிகளில் தடை செய்யப்பட்டவை. டாக்டர் கொடுக்காமல் தொடவும் கூடாது. சும்மா கிடைக்கிற மருந்து ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் குடியிருக்கும் தம்பி ஒருவன், அம்பாசமுத்திரம் பக்கத்துப் பையன். போலீஸ் வேலைக்கு முயற்சி. எழுத்துத் தேர்வில் பாஸ். 1500 மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் ஓடணும், அது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கயிறு ஏறுவதில்தான் போயிற்று. தினம் காலையில் குரங்குபோல ஏறுகிறவன், தேர்வு அன்று பாதிக் கயிற்றில் அப்படியே நின்றுவிட்டான். கை வேர்த்தது; வேர்க்கிறதே என்று இறுக்கிப் பிடித்தான்; இறுக்கியதில் முன்னங்கை மரத்துவிட்டது. வயசு வரம்புக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி. வீட்டில் அப்பா கிடையாது. கல்யாணத்துக்கு நிற்கிற அக்கா.

அவனைப் பிடித்துக்கொண்டவர் ஓய்வுபெற்ற ஒரு பி.டி. வாத்தியார். முதல் நாளே சொன்னார்:

"ஏலே, கயித்தப் புடி. கயித்துக் கழுத்த நெரிக்காத."

கோல்ஃப் மேதை சாம் ஸ்னீட், மட்டையைக் குருவிக் குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடிக்க வேண்டும் என்று சொல்வாராம். நம் வாத்தியார் அவரைக் கேள்விப்பட்டதே இல்லை.

அப்புறம் ஒரு வரிசை போட்டுக் கொடுத்தார். உள்ளங்கையை மண்ணில் தேய்க்கணும். கயிற்றில் ஒரு இடத்தைக் கண்ணால் குறித்துக்கொள்ளணும். மூச்சை, இழுத்ததைவிட மெதுவாக வெளியே ஊதணும் (நெஞ்சு படபடப்பு இறங்க இதைவிட மலிவான வழி கிடையாது). உடனே ஏறணும், நின்று யோசிக்கக் கூடாது. தினம் அதே வரிசை, அதே நேர அளவு. கோல்ஃபில் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஆட்டக்காரர்கள் செய்கிற சடங்கும் இதுதான். மனசு பஞ்சாயத்துக்கு உட்காருமுன் கைக்கு வேலை கொடுத்துவிடுவது.

ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேருக்குக் கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மேலே மலை மாதிரித் தேர், நாலு பக்கமும் ஜனம், சத்தம். அவர் கண் கோபுரத்திலும் இருக்காது, கூட்டத்திலும் இருக்காது. சக்கரம், கட்டை, இரண்டுக்கும் நடுவே ஒரு சாண். வாத்தியார் தம்பியிடம் காட்டியது அவரைத்தான்.

இன்னொன்றும் செய்தார். தனியாக ஏறுவதை நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் கூட வந்த பையன்களையெல்லாம் கயிற்றைச் சுற்றி நிற்க வைத்து, விசிலடிக்கச் சொன்னார். வழுக்கினால் அத்தனை பேருக்கும் டீ தம்பி கணக்கு! டைகர் உட்ஸின் அப்பாவும் பையன் மட்டையை வீசும் நேரம் பார்த்துக் காசைக் குலுக்குவார், பையைத் தொப்பென்று போடுவார். தம்பி முதல் இரண்டு வாரம் நூற்றுச் சொச்சம் ரூபாய் டீக்கு அழுதான். மூன்றாவது வாரம் விசில் சத்தமே கேட்கவில்லை என்றான்.

"பயமா இருக்கு சார்" என்று தேர்வுக்கு முந்தின நாள் சொன்னானாம். "இருக்கட்டும்ல. அதுக்குப் பேரு பயம் இல்ல, வேகம்" என்றாராம் வாத்தியார். இதையும் ஹார்வர்டில் 2014-ல் அலிசன் உட் புரூக்ஸ் சோதித்துப் பார்த்திருக்கிறார். பாடவும் பேசவும் பயந்தவர்களில், 'அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட 'உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்களாம்.

தம்பி போன தடவை கயிறு ஏறிவிட்டான். நீளம் தாண்டுதலில் முதல் வாய்ப்பில் கோட்டை மிதித்துவிட்டு, இரண்டாவதில் மண்ணைத் தேய்த்து, ஊதி, தாண்டினான். பட்டியல் இன்னும் வரவில்லை. வருகிறவரை சும்மா இருக்க வேண்டாம், காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வந்து மற்றப் பையன்களுக்கு விசிலடி என்று வாத்தியார் உத்தரவு. போகிறான். இப்போதெல்லாம் டீ ஓசியில்.