பத்திரச் செலவும் ஏழையின் இரண்டு சென்ட்டும்

தருமபுரியிலிருந்து ஓசூர் செல்லும் இரயில் பாதையில், பாலக்கோட்டைக் கடந்ததும் வருவது மாரண்டஹள்ளி. தக்காளியும் தேங்காயும் விளையும் பூமி. ஓசூரில் தொழிற்சாலைகள் பெருகப் பெருக, இவ்வட்டாரத்து நிலம் பயிருக்காக மட்டுமின்றி மனைக்காகவும் விலை பேசப்படுகின்றது. விற்பவருக்கு மகிழ்ச்சிதான். வாடகை வீட்டில் காலந்தள்ளுவோரின் நிலை என்ன?

தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய், நகையை விற்று இரண்டு சென்ட் மனை வாங்க எண்ணுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். விலை 4 இலட்சம் ரூபாய். கிரயப் பத்திரம் பதிவு செய்ய முத்திரைத் தீர்வை 5 விழுக்காடு, சொத்து மாற்று வரி 2 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஆக 36,000 ரூபாய். பத்து இலட்சத்திற்குட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைக்கப்படும் என்ற சலுகை 1.4.2025 முதல் நடைமுறைக்கு வந்தது. அதனால் 4,000 ரூபாய் மிச்சம். (மனை வாங்கும் குடும்பங்கள் இதனை நினைவிற்கொள்வது நலம். நம்மில் பலர் பழக்கத்தின் காரணமாகவே ஆண்கள் பெயரில் எழுதிவிடுகின்றோம்.)

எஞ்சிய 32,000 ரூபாய் அத்தாய்க்குப் பல மாதங்களின் உழைப்பு. வட்டிக்கு அஞ்சி வங்கியை நாடாத நம் குடும்பங்களுக்கு மனையின் விலையும் ரொக்கம், பத்திரச் செலவும் ரொக்கம். ஒரு கோடி ரூபாய்க்கு நிலம் வாங்கும் செல்வரும் இதே விகிதத்தில்தான் செலுத்துகின்றார். சமமாகத் தோன்றும், சுமை சமமன்று.

மேற்சொன்னவற்றுள் சொத்து மாற்று வரி எனும் 2 விழுக்காடு உள்ளாட்சி மன்றங்களுக்கு உரியது. தெருவிளக்கு, சாக்கடை, சம்பளம் என்ற பொதுச் செலவில் அது கரைந்துவிடுகின்றது. அதில் ஒரு பகுதியை வீடற்றோருக்கென்றே ஒதுக்கினால் என்ன?

அமெரிக்க நகரங்கள் சில இக்கேள்வியை மக்கள் முன் வைத்தன. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 2022 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்த சட்டம் 1.4.2023 முதல் அமலானது. அப்போது 50 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோன சொத்துக்கு 4 விழுக்காடு, ஒரு கோடி டாலரைத் தாண்டினால் 5.5 விழுக்காடு என விதிக்கப்பட்டது. செலுத்துவோர் விற்பவர், பணம் எளியோர் வீடுகளுக்கும், வாடகைதாரர் தெருவுக்கு வராமல் காப்பதற்கும். அதற்கும் குறைந்த விலையில் விற்பவருக்கு இச்சுமை கிடையாது. சிகாகோவிலோ, சிறிய சொத்துக்கு வரியைக் குறைத்துப் பெரிய சொத்துக்கு உயர்த்தும் திட்டத்தை 2024 மார்ச்சில் மக்களே நிராகரித்தனர்.

லாஸ் ஏஞ்சலஸிலும் எல்லாம் இனிதே நடக்கவில்லை. ஆண்டுக்கு 60 கோடி முதல் 110 கோடி டாலர் வரை வருமென எதிர்பார்த்தார்கள். தொடக்க ஆண்டுகளில் வந்ததோ அதைவிட மிகக் குறைவு. சட்டம் அமலாகும் முன்பே பலர் அவசர அவசரமாக விற்று முடித்தனர். அதன்பின் பெரிய விற்பனைகள் சுருங்கின. வரியைக் கூட்டினால் மனிதர் வழி தேடுவர் என்பதை நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கைமாறும் பணம் ஒன்று, பத்திரத்தில் எழுதும் தொகை வேறு என்ற வழக்கம் நம் மண்ணில் முதியது.

ஆயினும் நம் ஊருக்கு இந்த யோசனை ஏன் வேண்டும்? இருக்கும் திட்டங்கள் பெரும்பாலும் வீடு கட்டவே பணம் தருகின்றன. 2024-25ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம், ஒரு வீட்டுக்கு 3.5 இலட்சம் ரூபாய் வழங்குவது; ஆனால் அது ஊரகக் குடிசைகளுக்கானது. மாரண்டஹள்ளி பேரூராட்சி. இங்கே நகர்ப்புறப் பிரதமர் வீட்டுத் திட்டம்தான். அதன் முதற்கட்டத்தில், தாமே கட்டிக்கொள்வோர்க்கு மத்திய அரசு 1.5 இலட்சமும் மாநில அரசு 60,000 ரூபாயும் அளித்தன. ஆனால் சொந்த மனை வேண்டும், பட்டா வேண்டும். மனையற்றவருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. வறியவர் தடுக்கி விழும் இடம் சுவரோ கூரையோ அன்று, நிலம்தான்.

ஆகவே ஒதுக்கும் பணம் மனைக்குச் செல்ல வேண்டும். ஆனால் ஓர் ஊரால் மட்டும் இது முடியுமா? 4 இலட்ச ரூபாய் மனைகள் நூறு விற்றால் மாற்று வரி 8 இலட்சம். பாதியை ஒதுக்கினால் அதே போன்ற ஒரே ஒரு மனைதான் கிடைக்கும். மாறாக, கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கிரயங்களுக்கு மட்டும் கூடுதலாக 1 விழுக்காடு வாங்கினால், நான்கு கிரயங்களிலேயே ஒரு மனைக்குரிய தொகை சேரும். அத்தகைய கிரயங்கள் சென்னையிலும் கோவையிலும் ஓசூரிலும் மிகுதி, மாரண்டஹள்ளியில் அரிது. எனவே மாநில அளவில் ஒரே நிதியாகத் திரட்டி, மனையற்றோர் எண்ணிக்கைக்கேற்பப் பேரூராட்சிகளுக்குப் பகிர்வதே பொருந்தும்.

அதற்கு முன் எளிதில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. முதன்முதலாக மனை வாங்கும் ஏழைக்கு, ஐந்து இலட்சம் ரூபாய் வரை, அந்த 2 விழுக்காட்டை நீக்கிவிடலாம். பெண்களுக்குச் சலுகை தந்தபோது சொத்தின் மதிப்புக்கு வரம்பு வைக்க அரசால் முடிந்ததல்லவா? நமது தையற்காரத் தாய்க்கு இதனால் மேலும் 8,000 ரூபாய் மிச்சமாகும். அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன்பாக, சட்டமன்ற உறுப்பினரிடமும் பேரூராட்சித் தலைவரிடமும் ஜமாஅத்தார் ஒரு மனுவாக இதைக் கொடுக்கலாம். வாடகை வீட்டிலுள்ள பிற சமயத்துச் சகோதரர்களும் அதில் கையொப்பமிட மறுக்க மாட்டார்கள்.