பறவையைப் படமெடுக்க எந்த லென்ஸ்?

செப்டம்பர் முதல் மார்ச் வரை சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்கு வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வருகின்றன. தொலைவில், சேற்றில் இரை தேடும் அவை கைப்பேசிப் படத்தில் வெறும் புள்ளிகள்தான். டெலிஃபோட்டோ லென்ஸ் தேவை. ஆனால் மாணவர்கள் எதை வாங்குவது?

முதலில் உங்கள் கேமராவைப் பாருங்கள். ஏபிஎஸ்-சி சென்சார் என்றால், 300 மி.மீ. லென்ஸ் முழு அளவு சென்சாரில் 450 மி.மீ. காட்டும் அளவுக்குக் காட்டும். பூங்காவில் பழகிய மீன்கொத்திக்கு 70-300 மி.மீ. லென்ஸே போதும். சதுப்புநிலத்துக்கு 150-600 மி.மீ. நல்லது, ஆனால் சிக்மா, டாம்ரான் தயாரிக்கும் அத்தகைய லென்ஸ்கள் ஏறத்தாழ 2 கிலோ எடை. வாங்குமுன் வாடகைக்கு எடுத்து, ஒரு காலைப்பொழுது சுமந்து பாருங்கள்.

நடுக்கத் தடுப்பு வசதி கை நடுக்கத்தைத்தான் குறைக்கும். பறவையின் அசைவை நிறுத்தாது. பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் குறைந்தது 1/1000 வினாடி வேண்டும். வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள். படம் சற்றுச் சொரசொரப்பாக வந்தாலும் மங்கலாக வருவதைவிட மேல்.

எந்த லென்ஸுக்கும் எட்டாத பறவை இருக்கும். அதை நெருங்கி விரட்டாதீர்கள். அடுத்த நெடும்பயணத்துக்கு அது சேர்த்துவைக்கும் சக்தி வீணாகும். சதுப்புநிலத்தோடு சேர்த்தே எடுங்கள். அதுவும் நல்ல படம்தான்.