மகள் செய்த பேய்ப்பட முன்னோட்டமும் மாமி பார்த்த சுவரொட்டியும்



"ஏ லெவலிலை பிள்ளை என்ன படிக்கிறா?" என்று கோயிலிலோ கலியாண வீட்டிலோ யாராவது கேட்டால், கணிதம், இரசாயனவியல், உயிரியல் என்று சொல்லும் பெற்றோரின் குரல் உயர்ந்திருக்கும். மீடியா ஸ்ரடீஸ் என்று சொல்ல வேண்டி வந்தால் குரல் கொஞ்சம் இறங்கும். நானும் அப்படிக் குரல் இறங்கிய தகப்பன்தான். 2016ஆம் ஆண்டு புரட்டாதி மாதம் என் மகள், "அப்பா, எங்களுக்கு ஒரு பேய்ப்படத்துக்கு ட்ரெயிலரும் போஸ்ரரும் செய்ய வேணும். வீட்டை எடுக்கலாமோ?" என்று கேட்டபோது, "இதுவும் ஒரு படிப்போ?" என்றுதான் முதலில் கேட்டேன்.

அது ஒரு படிப்புத்தான் என்பதை எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவம் எனக்கு விளங்க வைத்தது. இந்த மாத உரையில் அதைத்தான் சொல்லப் போகிறேன். இன்று உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இதே கேள்வியோடு வந்து நிற்கக்கூடும்.

பாடம் என்ன கேட்டது?

மகள் படித்தது ஓ.சி.ஆர் பரீட்சைச் சபையின் பழைய பாடத்திட்டம். அதில் இரண்டாம் வருட மாணவர்கள் ஒரு புதிய திரைப்படத்துக்கான விளம்பரப் பொதியைத் தயாரிக்கலாம். ஒரு சிறு முன்னோட்டம் கட்டாயம். அதனோடு சுவரொட்டி, சினிமாச் சஞ்சிகையின் அட்டை, படத்துக்கான இணையத்தள முகப்பு ஆகிய மூன்றில் இரண்டு செய்ய வேண்டும். முழுப்படம் எடுக்கத் தேவையில்லை. "இல்லாத படத்துக்கு விளம்பரமோ?" என்று மாமி, அதாவது என் மனைவியின் தாயார், சிரித்தார். நாலு பேர் வரை சேர்ந்து செய்ய அனுமதி இருந்தது. மொத்தப் புள்ளியில் பாதி இப்படியான செய்முறை வேலைகளுக்கே இருந்தது.

2017 செப்டெம்பரில் தொடங்கிய இப்போதைய பாடத்திட்டத்தில் செய்முறைக்கு 30 சதவீதமும் எழுத்துப் பரீட்சைக்கு 70 சதவீதமும் உண்டு. ஒவ்வொரு மாணவரும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். நண்பர்கள் நடிக்கலாம், கமரா பிடிக்கலாம். ஆனால் மாணவர் சொல்கிறபடிதான் செய்ய வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்பதைப் பரீட்சைச் சபையே ஆண்டுதோறும் அறிவிக்கும். ஆகவே எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னோட்டம் கிடைக்காது. தான் என்ன செய்யப் போகிறேன், ஏன், யாருக்காக என்று ஏறக்குறைய 500 சொற்களில் எழுதியும் கொடுக்க வேண்டும். "யாருக்காக" என்ற அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருவோம்.

பயத்தை எப்படிக் கட்டுகிறார்கள்?

மாணவர்கள் பேய்ப்படத்தைத் தேர்வதற்குப் பெரிய காரணம் சிக்கனம். பெயர் பெற்ற நடிகர் வேண்டாம், பெரிய அரங்கு வேண்டாம். ஒரு வீடு, ஒரு மாடிப்படி, ஒரு ரோச் லைற் போதும். இலண்டனில் மார்கழி மாதம் பின்னேரம் நாலு மணிக்கு முன்னரே பொழுது பட்டுவிடும். பாடசாலை விட்டு வந்த உடனேயே இருட்டுக் காட்சி எடுக்கலாம்.

திகில் பட முன்னோட்டத்துக்கு ஒரு வழமையான அமைப்பு உண்டு. முதலில் சாதாரண வாழ்க்கை: குடும்பம், சிரிப்பு, வெளிச்சம். அடுத்து ஏதோ ஒன்று பிசகும். பிறகு காட்சிகள் ஒவ்வொன்றும் குறுகிக் குறுகி வேகமாக மாறும். திடீரென்று எல்லாம் அமைதியாகும். முடிந்துவிட்டது என்று நாங்கள் மூச்சு விடும்போது கடைசி அதிர்ச்சி வரும், அதன் பின் படத்தின் பெயர் வரும். அந்த அமைதியை எத்தனை விநாடி நீட்டுவது என்று மகளும் நண்பிகளும் ஒரு சனிக்கிழமை முழுவதும் வாதாடினார்கள்.

பயத்தில் பெரும்பங்கு சத்தத்தினுடையது. எந்தத் திகில் முன்னோட்டத்தையும் ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள், பாதிப் பயம் போய்விடும். 1975இல் வந்த ஜோஸ் படத்தில் சுறா கண்ணில் படுவதற்கு முன்னரே ஜோன் வில்லியம்ஸின் இரண்டு சுரங்கள் வந்து ஆளைக் கலங்கடித்துவிடும். எலும்பு முறியும் சத்தத்துக்கு செலறித் தண்டை முறிப்பது சினிமாக்காரரின் பழைய தந்திரம். எங்கள் குசினியில் சூப்புக்கு வாங்கி வைத்த செலறி அப்படித்தான் போனது. இரத்தம் கோல்டன் சிரப்பும் சிவப்புச் சாயமும். 1960இல் வந்த சைக்கோ கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் அதில் ஓடிய இரத்தம் சொக்கலேற் பாகு.

அந்தச் சைக்கோவின் முன்னோட்டமும் ஒரு நல்ல பாடம். ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் அதில் இயக்குநர் ஹிட்ச்கொக் தானே வந்து, வீடு காட்டும் தரகர் போல அறை அறையாகக் கூட்டிச் செல்வார். கொலை எதையும் காட்டமாட்டார். கடைசியில் குளியலறைத் திரையை இழுப்பார், ஒரு பெண் அலறுவார், அவ்வளவுதான். மிச்சத்தைப் பார்ப்பவரின் மனம் நிரப்பிக்கொள்ளும்.

ஒரு கடதாசியில் ஒரு படம்

முன்னோட்டத்துக்கு ஒரு நிமிடமாவது உண்டு. சுவரொட்டிக்கு அதுவும் இல்லை. பஸ்ஸில் போகிறவர் ஒரு பார்வையில் விளங்கிக்கொள்ள வேண்டும். பிரித்தானியத் திரையரங்குகளின் வழமையான சுவரொட்டி 40 அங்குல அகலமும் 30 அங்குல உயரமும் கொண்டது. அதில் ஒரு பெரிய படம், பெயர், ஒரு சிறு வாசகம், அடியில் நெருக்கமாகக் கலைஞர் பெயர்கள், வெளியாகும் நாள், வயதுக் குறி ஆகியன இருக்கும்.

மகளின் குழு மாதிரியாக எடுத்தது 1999இல் வந்த பிளேர் விட்ச் புரொஜெக்ற் என்ற அமெரிக்கப் படத்தை. காட்டுக்குள் படம் எடுக்கப் போன மூன்று மாணவர்கள் காணாமல் போவது கதை. சில பத்தாயிரம் டொலர் செலவில் எடுத்த படம் உலகெங்கும் ஏறக்குறைய 250 மில்லியன் டொலர் வசூலித்தது. காரணம் விளம்பரம். நடிகர்களின் உண்மையான பெயர்களையே பாத்திரங்களுக்கு வைத்து, அவர்களின் முகங்களோடு "காணவில்லை" என்ற துண்டுப்பிரசுரங்களைக் கொடுத்தார்கள். பலர் நம்பிவிட்டார்கள். உயிரோடு இருந்த நடிகையின் தாயாருக்கு அனுதாப அட்டைகள் வந்தன.

எங்கள் பிள்ளைகளின் கதையில், இரவு பஸ்ஸில் இருந்து இறங்கும் ஒரு மாணவி வீடு வந்து சேர்வதில்லை. ஆகவே அவர்களும் அதே வழியில் போனார்கள். மகளின் நண்பி ஒருத்தியின் படம், மேலே ஆங்கிலத்தில் "காணவில்லை", கீழே கடைசியாகக் கண்ட திகதி, ஒரு தொலைபேசி இலக்கம். பழைய கடதாசி போல் தெரியத் தேயிலைச் சாயத்தில் நனைத்து, காய்வதற்காக விறாந்தையில் கதவோடு ஒட்டி வைத்தாள்.

மாமி பார்த்தது

மாமிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒரு முகம், ஒரு திகதி, ஒரு இலக்கம் என்றால் அது என்ன கடதாசி என்று அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கோயிலால் வந்தவர் செருப்பும் கழற்றாமல் அதற்கு முன்னால் நின்றார்.

"இந்தப் பிள்ளையை எப்ப தொடக்கம் காணேல்லை? தாய் தேப்பன் எங்கை இருக்கினம்?"

"அது உண்மை இல்லை அம்மம்மா. என்ரை ஃபிரெண்ட். சும்மா படத்துக்கு."

"சும்மாவோ?" என்றார் மாமி. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவர் அன்று இரவு சாப்பிடவும் இல்லை.

மாமியின் இரண்டாவது மகன் 1996இல் யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் கடைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அவருடைய படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு மாமி ஏறாத படி இல்லை. இதை நாங்கள் மகளுக்கு ஒருபோதும் விளக்கமாகச் சொன்னதில்லை. பிள்ளையின் மனதைக் குழப்பக்கூடாது என்று நினைத்தோம். சாமி அறையில் இருக்கும் படம் அம்மாவின் அண்ணா, அவர் இல்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அன்று இரவுதான் அவள் என்னிடம் கேட்டாள்: "தாத்தாவின்ரை படத்துக்கு மாலை போட்டிருக்கு. மாமாவின்ரை படத்துக்கு ஏன் அப்பா மாலை இல்லை?"

அதற்கு மறுமொழி சொல்ல எனக்கு நேரம் எடுத்தது. இறந்தார் என்று தெரிந்தால்தானே மாலை போடலாம் என்று சொன்னேன். அடுத்த நாள் மாமி தானே ஒரு பழைய பிளாஸ்ரிக் உறையைக் கொண்டுவந்து பேத்தியின் பக்கத்தில் இருந்தார். அவர்கள் இரண்டு பேரும் கனநேரம் கதைத்தார்கள்.

ஒரே கடதாசி, வேறு வேறு வாசிப்பு

அவளுடைய பாடத்திலேயே இதற்கு ஒரு விளக்கம் இருந்தது. ஸ்ருவர்ட் ஹோல் என்ற அறிஞர் 1932இல் ஜமேக்காவில் பிறந்தவர். 1951இல் படிப்பதற்காக இங்கிலாந்து வந்து இங்கேயே வாழ்ந்து 2014இல் மறைந்தார். எங்களைப் போல வந்து குடியேறியவர். பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1973இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: ஒரு செய்தியை அனுப்புகிறவர் ஒரு கருத்தை அதற்குள் வைக்கிறார்; பெறுகிறவர் தன் வாழ்க்கையைக் கொண்டு அதை வாசிக்கிறார். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிலர் அனுப்பியபடியே ஏற்பார்கள், சிலர் பாதி ஏற்பார்கள், சிலர் முற்றாக மறுப்பார்கள்.

இந்த மூன்றையும் மகள் பரீட்சைக்காகப் பாடமாக்கி வைத்திருந்தாள். பாடமாக்கியது விறாந்தையில் நடந்ததைக் கண்ட பிறகுதான் அவளுக்கு விளங்கியது. பதினேழு வயது நண்பிகளுக்கு அந்தச் சுவரொட்டி ஒரு நல்ல விளையாட்டு. மாமிக்கு அது அவருடைய வாழ்க்கை.

குழுவுக்குள் வாதம் வந்தது. "அதுதான் எங்கள் வேலைகளிலேயே திறமானது, ஏன் மாற்ற வேண்டும்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. நியாயமான கேள்வி. திகில் படம் எடுப்பது பிழை என்று மாமியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. விரும்பிப் பயப்படுவதில் ஒரு சந்தோசம் உண்டு. ஊரில் முனி, கொள்ளிவாய்ப் பேய் என்று கதை சொல்லி எங்களைப் பயப்படுத்தியதும் இதே மாமியின் தலைமுறைதான். அந்தப் பயத்தை வேண்டாம் என்றால் எழும்பிப் போகலாம். போக முடியாத பயமும் ஒன்று உண்டு. அதன் உருவத்தை எடுத்து விளம்பரத்துக்குப் பாவிப்பதற்கு முன் ஒருமுறை யோசிக்க வேண்டும் என்பதுதான் மகள் நண்பிகளுக்குச் சொன்னது.

இரண்டு கிழமை கூடுதலாக வேலை செய்து புதிய சுவரொட்டி செய்தார்கள். ஒரு வீட்டு வாசல், வரிசையாகச் சப்பாத்துகள், நடுவில் ஒரு சோடிக்கான இடம் மட்டும் வெறுமை. முகம் இல்லை, இலக்கம் இல்லை. எனக்கு இது முந்தியதை விடக் கூடுதலாகப் பயத்தைத் தந்தது. 2017 மாசி மாதம் 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் படங்களோடு வீதியோரம் போராட்டம் தொடங்கியபோது, மகள் முன்னோட்டத்தை வெட்டித் தொகுத்துக்கொண்டிருந்தாள். அந்தச் செய்தியை மாமியோடு இருந்து பார்த்தாள். "பார்வையாளரின் கருத்திலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்பது அவர்கள் மறுமொழி எழுத வேண்டிய நாலு கேள்விகளில் ஒன்று. அதற்கு அவள் அம்மம்மாவைப் பற்றி எழுதினாள். புள்ளி எவ்வளவு என்று கேட்பீர்கள். நல்ல புள்ளிதான்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

உங்கள் பிள்ளையும் இப்படி ஒரு வேலை கொண்டுவந்தால் இவற்றைக் கவனியுங்கள்.

பொது இடத்துக்குக் கத்தியோ பொம்மைத் துப்பாக்கியோ கொண்டுபோக விடாதீர்கள். தகுந்த காரணம் இல்லாமல் அவற்றை வெளியில் வைத்திருப்பது இந்த நாட்டில் குற்றம். பார்த்தவர் பொலிசுக்கு அறிவித்தால், அது படப்பிடிப்பு என்று அவர்களுக்குத் தெரியாது. பூங்கா என்றால் முன்கூட்டியே கவுன்சிலிடம் கேளுங்கள்.

அலறல் காட்சி எடுக்கும் நாளை வீட்டில் உள்ள முதியவருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் முன்னரே சொல்லுங்கள். திடீரென்று கேட்கும் அலறல் சிலரை எங்கே கொண்டுபோய் விடும் என்று நாங்கள் சொல்லித் தெரியத் தேவையில்லை.

பாடத்துக்கென்று மூத்த பிள்ளை பார்க்கும் படத்தைப் பக்கத்தில் இருந்து இளையதும் பார்க்கும். 15, 18 என்ற வயதுக் குறியைப் பாருங்கள். பதினேழு வயது மாணவரைத் திரையரங்கில் 18 குறியிட்ட படத்துக்கு விடமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முக்கியமாக, பிள்ளை செய்ததை இருந்து பாருங்கள். "இது யாருக்காக?" என்று கேளுங்கள். நாங்கள் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லவும் அது ஒரு வழியாகலாம்.

அந்தப் பழைய சுவரொட்டியை மகள் கிழித்து எறியப் போனபோது மாமிதான் தடுத்தார். "முகம் இருக்கிற கடதாசியைக் கிழிக்காதை பிள்ளை," என்றார். அது இன்றும் மாமியின் அலுமாரியில், அந்தப் பிளாஸ்ரிக் உறைக்குக் கீழே இருக்கிறது.