செக்கல் வெளிச்சம்

வண்ணார்பண்ணையிலே யான் முப்பது ஆண்டுகளாகச் சென்றுவரும் பழைய புத்தகக் கடை ஒன்று உண்டு. இம்மாத முடிவோடு அது மூடப்படுகின்றது. அதற்கு முன் அதன் உட்புறத்தைப் படமாக்கி வைத்தல் வேண்டும் என விரும்பினேன்.

நண்பகலிற் சென்றேன். கடைக்கு ஒரே வாயில்; சாளரம் இல்லை. வெளியே வெயில், உள்ளே இருள். நமது கண் இரண்டையும் இணக்கிக் காணும். கருவிக்கு அவ்வாற்றல் குறைவு. தெருவின் ஒளிக்கு அளவிட்டேன். முதலாளியார் கரிய நிழலானார். அவருக்கு அளவிட்டேன், தெரு வெண்மையிற் கரைந்தது. மின்னொளி பாய்ச்சினேன்; இருளோடு கடையின் இதமும் ஓடிப்போயிற்று.

"பண்டிதர் ஐயா, செக்கலுக்கு வாருங்கோ" என்றார் அவர். நாற்பது ஆண்டுகள் அவ்விடத்திருந்தே கணக்கெழுதியவர் அல்லரோ!

சென்றேன். வெயில் தணிந்து, தெருவின் ஒளியும் மேசைக்கு மேலே தொங்கிய மின்குமிழின் ஒளியும் ஒத்துநின்றன. கருவியைத் தாங்கியில் நிறுத்தினேன். முன் அலுமாரியும் பின் அலுமாரியும் ஒருங்கே தெளிவாதற்பொருட்டு வில்லைத் துவாரத்தை எஃப் 8 அளவிற்குச் சுருக்கினேன். ஒளியுணர்திறன் 100, நேரம் 2 விநாடி.

அவர் அசையாதிருந்தார். ஏடு புரட்டிய விரல்கள் மாத்திரம் கலங்கித் தோன்றின. மாணவர் அதனைக் குற்றம் என்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அடுத்த மாதம் அம்மேசை வெறுமையாகும். படத்திலேனும் அக்கை அசைந்துகொண்டிருக்கட்டும்.